பெயர் சொல்லிக் கூப்பிடும் பள்ளி: ஏதிலிப் பிள்ளைகளும் கலை இலக்கியமும்



இந்த நினைவுப் பேருரைக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் ஏதிலிப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். திருப்பெரும்புதூர் மண்ணில் நின்று இதைப் பேசுகிறவர்கள் 1991 மே 21ஐத் தாண்டிப் போக முடியாது. அன்று இரவு இங்கே ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். கொலையைப் பற்றியும் வழக்கைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. அதற்குப் பிறகு முகாம்களில் இருந்த பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை அந்த அளவுக்கு யாரும் எழுதவில்லை. ஈழத்திலிருந்து வந்திருந்த எல்லோர் மீதும் சந்தேகம் விழுந்தது. முகாம்களில் கெடுபிடி கூடியது. பிள்ளைகளுக்குப் பள்ளி, கல்லூரிச் சேர்க்கை மறுக்கப்பட்டது. தொண்டு அமைப்புகள் முகாமுக்குள் போவது தடுக்கப்பட்டது. 1992 ஜனவரி முதல் ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். கொலைக்கும் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் முதலில் பறிபோனது அதன் பள்ளிக்கூடம்தான். பள்ளிக் கதவுகள் பின்னர் திறந்தன. இடையில் படிப்பை விட்டவர்களுக்கு அந்த ஆண்டுகள் திரும்பக் கிடைக்கவில்லை.

இதே ஊரைச் சுற்றித்தான் அடுத்த சில ஆண்டுகளில் தொழிற்சாலைகள் வந்தன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், பிறகு சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட் விரிந்தது. கார் வந்தது, கைபேசி வந்தது. கைபேசி ஆலை ஒன்று 2006இல் திறந்து 2014இல் மூடியது. ஆட்கள் பல மாநிலங்களிலிருந்து வந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. அவ்வளவு பெரிய விடுதி தேவைதான். ஆனால் இந்த வழித்தடத்தின் திட்டங்களில் தொழிலாளி எப்போதும் தனி ஆள். கட்டில் வேண்டும், பேருந்து வேண்டும், கேன்டீன் வேண்டும். அவருக்குப் பிள்ளை இருக்கும் என்ற நினைப்பே அந்தக் கணக்கில் இல்லை. பிள்ளைகளோ இருக்கிறார்கள். கட்டட வேலைக்கு வந்த குடும்பங்களின் தகர ஷெட்டில், லைன் வீடுகளில், ஏரிக்கரையோரச் செங்கற்சூளையில் இருக்கிறார்கள்.

ஏதிலி என்ற சொல்லை நாங்கள் எந்தப் பொருளில் ஆள்கிறோம் என்று கேட்கலாம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே கிடையாது. ஈழத்தவர் நிலை அரசாணைகளால் ஓடுகிறது. 2021இல் தமிழக அரசு சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். அந்த ஆண்டுதான் அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. நமக்குக் கிழக்கே கேளம்பாக்கத்தில், புயல் பாதுகாப்பு மையமாகக் கட்டிய கட்டடத்தில், மியான்மரிலிருந்து துரத்தப்பட்ட ரோகிங்யா குடும்பங்கள் சில 2012 வாக்கிலிருந்து வாழ்கின்றன. ஆண்கள் பழைய இரும்பு, காகிதம் பொறுக்கிப் பிழைக்கிறார்கள். பிள்ளைகள் பக்கத்து அரசுப் பள்ளியில் படித்துத் தமிழ் பேசுகிறார்கள். ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து சூளைக்கு வரும் பிள்ளைகளைச் சட்டம் அகதி என்று சொல்லாது. ஊரில் நிலமில்லை, முன்பணம் வாங்கியாயிற்று, கிளம்பித்தான் ஆக வேண்டும். அந்தச் சூளைத் தொழிலில் ஒரு வேலைக் கணக்கு உண்டு. பத்துரியா என்பார்கள். ஓர் ஆண், ஒரு பெண், ஒரு பிள்ளை சேர்ந்தது ஒரு பத்துரியா. முன்பணக் கணக்கிலேயே பிள்ளையின் கை சேர்ந்திருக்கிறது. இந்தப் பிள்ளையை ஏதிலி என்று அழைக்க எங்களுக்குத் தயக்கமில்லை.

பள்ளிக்கு வரும் உரிமையைப் பொறுத்தவரை இந்த வேறுபாடுகளுக்கு மதிப்பில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 21ஏ பிரிவு ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளையும் சொல்கிறது. குடிமக்களின் குழந்தைகள் என்று சொல்லவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது. ரோகிங்யா பிள்ளைகளுக்காகத் தொடரப்பட்ட வழக்கில் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அவர்கள் பள்ளியை நேரடியாக அணுகலாம் என்று வழி காட்டியது. செயல்பாட்டாளர்கள் இந்தப் பிரிவுகளைக் கையில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சேர்க்கை வாங்காமல் கலை, இலக்கியம் பேசுவது வெறும் பேச்சு.

சேர்த்த பிறகு என்ன என்பதுதான் இன்றைய உரை.

தலித் இலக்கிய அமைப்புக்கு இதில் என்ன வேலை என்று நம் ஆட்களே கேட்கிறார்கள். இந்தப் பிள்ளை தனியார் பள்ளிக்குப் போவதில்லை. காலனிக்கு ஒட்டியிருக்கும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு, நம் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு, நம் பிள்ளையின் பக்கத்துப் பலகைக்கு வருகிறது. அதன் பெற்றோரில் பெரும்பகுதி அங்கே தலித்துகள், ஆதிவாசிகள். இது ஒன்று. இன்னொன்று, பள்ளிக்கூடத்தில் அந்நியராக உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதற்கு நம்மிடம் எழுத்துச் சாட்சி இருக்கிறது. செங்கல்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1939இல் வெளியிட்ட ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் கோயம்புத்தூரில் படித்த காலத்தைச் சொல்கிறார். சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். விட்டவுடன் மற்ற பிள்ளைகள் எட்டாதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். விளையாட்டுக்கு நின்றால் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்பார்களே! அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்க்கையின் தீண்டாமை அனுபவங்களை எழுதிய சிறு நூலுக்கு, விசாவுக்காகக் காத்திருத்தல் என்று பொருள்படும் தலைப்பைக் கொடுத்தார். பள்ளிக்குத் தான் உட்காரச் சாக்குத் துணியைத் தானே கொண்டுபோனதை அதில் சொல்கிறார். சொந்த நாட்டில் விசாவுக்குக் காத்திருந்தவரின் பிள்ளைகள் நாம். பக்கத்துப் பலகையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை நமக்குப் புதிய ஆள் அல்ல.

பேசாமல் இருக்கும் பிள்ளைக்குக் கலை என்ன செய்யும்? முதலில் கெட்ட வழியைச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் அதுதான் அதிகம் நடக்கிறது. ஆண்டுவிழா வரும். வடநாட்டுப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, பளபளக்கும் பாவாடை கட்டி, ஒரு இந்திப் படப் பாட்டுக்கு ஆட விடுவார்கள். அந்தப் பிள்ளையின் வீட்டில் இந்தியே பேச மாட்டார்கள். சந்தாலியோ சம்பல்புரியோ பேசுவார்கள். கைதட்டு விழும். மறுநாள் அது மறுபடி 'இந்திக்காரப் பையன்'. இன்னொரு கெட்ட வழி, நல்ல மனசோடு செய்வது. உன் கஷ்டத்தை வரை, உன் வீடு எரிந்ததை வரை, சூளையை வரை என்று பிள்ளையிடம் கேட்டு, வரைந்ததைக் கண்காட்சிக்கு வைப்பது. துயரத்தைக் கொடுத்தால்தான் கவனம் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். நம்மையும் இப்படித்தான் மேடையேற்றினார்கள், மறந்துவிடாதீர்கள். பறை அடி, கேட்கிறோம், பந்தியில் உட்காராதே.

மட்டக்களப்பில் இதற்கு வேறு வழி ஒன்றைக் கண்டார்கள். போர் நடந்துகொண்டிருந்த 1996இல் அங்கே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. பால் ஹோகன் என்ற கனடியக் கலைஞரும், உளவளத் துணையில் ஈடுபட்டிருந்த சேசு சபைப் பாதிரியார் பால் சற்குணநாயகமும் அதன் முன்னோடிகள். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளை ஒரே பேருந்தில் அழைத்து வந்தார்கள். அந்த இரு சமூகமும் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்த ஆண்டுகளுக்குப் பிறகு இது நடந்தது. வாரம் ஒரு நாள், மாதக்கணக்கில். களிமண், வண்ணம், கதை, நாடகம், தோட்டம், பிராணிகள். போரைச் சொல் என்று யாரும் வற்புறுத்தவில்லை. சொல்ல நினைத்தது கதையில் ஓர் அரக்கனாகவோ முதலையாகவோ தானே வந்தது. வந்தபோது கேட்க ஆள் இருந்தார்கள். இதில் நாங்கள் எடுத்துக்கொள்வது, இரு தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து ஒன்றைச் செய்தார்கள் என்பதையும், அதற்கு நீண்ட காலம் கொடுக்கப்பட்டது என்பதையும். ஒரு நாள் முகாம் நடத்தி, படம் எடுத்து, சான்றிதழ் கொடுத்துப் போகிறவர்களை நாங்கள் பள்ளிக்குள் விட வேண்டாம் என்றே தலைமையாசிரியர்களிடம் சொல்லிவருகிறோம்.

இரண்டாவது சாட்சி ஐரோப்பாவிலிருந்து. நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த தெரேசின் முகாமில் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் பிள்ளைகளுக்கு ரகசியமாகப் பாடம் எடுத்தார். தனக்கு அனுமதித்த மூட்டையில் முடிந்த அளவு வரைதாளையும் வண்ணத்தையும் கொண்டுபோனவர் அவர். முகாமின் கொடுமையைத்தான் வரைய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சன்னலில் தெரியும் மலையை, பூச்சாடியை, கோட்டின் தாளத்தை வரையச் சொன்னார். எண்களாக ஆக்கப்பட்ட பிள்ளைகளிடம், ஒவ்வொரு படத்திலும் உன் பெயரை எழுது என்றார். 1944இல் அவுஷ்விட்சில் அவர் கொல்லப்பட்டார். பிள்ளைகளில் பெரும்பாலோரும் கொல்லப்பட்டார்கள். இரண்டு பெட்டிகளில் மறைத்து வைத்த சுமார் 4,500 படங்கள் தப்பின. அவற்றில் பெயர்கள் இருக்கின்றன.

பெயர்தான் எங்கள் மாலை வகுப்புகளிலும் முதல் பாடம். இது எளிய விஷயம் போலத் தெரியும், அப்படி இல்லை. தமிழில் ப என்று ஓர் எழுத்து. ஒடியாவிலும் இந்தியிலும் வங்காளத்திலும் அந்த இடத்தில் நான்கு எழுத்துகள். க, த ஆகியவற்றுக்கும் இதே கதை. வருகைப் பதிவேட்டில் எழுதியதைப் பார்த்துக் கூப்பிட்டால் பிள்ளையின் காதில் விழுவது வேறு யாருடைய பெயரோ. அது எழுந்து நிற்காது; மந்தம் என்று எழுதிவிடுவார்கள். அதனால் பெயரைக் கண்ணால் படிக்காமல் காதால் கற்க வேண்டும். பறையடி கற்றுத் தருகிறவர்கள் அடியை முதலில் வாயால் சொல்ல வைப்பார்கள் அல்லவா, அதே முறை. பிள்ளை தன் பெயரைச் சொல்லும். பலகையில் தட்டித் தாளம் போடும். வகுப்பே திருப்பிச் சொல்லும். உள்ளூர்ப் பிள்ளையின் பெயரும் அப்படியே. பிறகு தமிழில் ஒரு தடவை, எழுதத் தெரிந்தால் அதன் எழுத்தில் ஒரு தடவை எழுதிச் சுவரில் ஒட்டலாம்.

இதில் நாம் கவனமாக இருக்க வேண்டிய இடமும் உண்டு. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியைத் தூக்கிச் சுமப்பதை விட்டோம். முன்னெழுத்து போதும் என்றாயிற்று. வடக்கிலிருந்து வரும் பிள்ளையின் பெயர் வாலில் சாதி இருக்கும். பீகாரின் மாஞ்சி என்ற பெயரைக் கேட்டால் முசகர் என்று அந்தப் பக்கத்து மேஸ்திரிக்கும் தெரியும், அவர் பிள்ளைக்கும் தெரியும். நாம் பாசத்தோடு முழுப்பெயரையும் சத்தமாகக் கூப்பிட்டு அந்தப் பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது. எந்தப் பெயரால் கூப்பிட வேண்டும் என்று பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது மொழி. சில ஆண்டுகளுக்கு முன் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டச் சூளைகளில் ஒடிசாவின் பாடநூல்களையும் ஒடியா தெரிந்த கற்பிப்போரையும் கொண்டுவந்து வகுப்பு நடத்திய முயற்சி உண்டு. நல்ல முயற்சி, எல்லா இடத்துக்கும் போகவில்லை. ஆனால் பலாங்கீர்ப் பிள்ளைக்குப் பாடநூல் ஒடியாவும் முழுக்கச் சொந்தமில்லை; வீட்டில் சம்பல்புரி. இது நமக்கு விளங்காத சங்கதியா? சேரிப் பேச்சை வகுப்பில் பேசியதற்கு அடி வாங்கிய தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. பாமாவின் கருக்கு 1992இலும் இமையத்தின் கோவேறு கழுதைகள் 1994இலும் வந்தபோது எழுந்த முணுமுணுப்பில் பாதி மொழியைப் பற்றியது. பேச்சைப் புத்தகத்தில் ஏற்றினால் பேசியவருக்கு என்ன கிடைக்கும் என்று தலித் இலக்கியம் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தமிழ் கற்பிக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. இங்கே வாழப் போகும் பிள்ளைக்குத் தமிழ் வேண்டும், நன்றாகவே வேண்டும். அதன் வாயில் ஏற்கெனவே இருக்கிற மொழியைத் துப்பச் சொல்லாமல் கொடுக்க வேண்டும்.

வகுப்பில் இதைச் செய்வது இப்படி. பிள்ளை ஒரு கதையை, விடுகதையை, விளையாட்டுப் பாட்டைத் தன் மொழியிலேயே சொல்லும். மற்றவர்கள் புரியாமல் கேட்பார்கள். புரியாமல் உட்கார்ந்திருப்பது என்ன என்று ஐந்து நிமிடம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் தெரியட்டும். பிறகு மூத்த பிள்ளையோ அம்மாவோ தெரிந்த தமிழில் சொல்ல, ஆசிரியர் அதை அப்படியே எழுதுவார், திருத்தாமல். படம் இரு பிள்ளைகள் சேர்ந்து வரைவார்கள். நான்கு தாளை மடித்து ஊசி நூலால் தைத்தால் பதினாறு பக்கப் புத்தகம். நம் பாண்டி ஆட்டம் வங்காளத்தில் கித்கித். கட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு புத்தகம் அதிலிருந்தே கிளம்பிவிடும். அரசுப் பள்ளிகளில் இப்போது ஊஞ்சல், தேன்சிட்டு என்று சிறார் இதழ்கள் வருகின்றன, 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. இவற்றை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் போட்டியாக நடக்கும் கலை, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று வென்றவர்களை மேலே கொண்டுபோகும். பேச ஆரம்பித்தே மூன்று மாதமான பிள்ளைக்குப் போட்டி இல்லாத ஒரு மணி நேரம் வாரத்தில் வேண்டும்.

கூத்தையும் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில் 2002 முதல் 2020 வரை ஏழைக் கிராமத்துப் பிள்ளைகள், பெண் பிள்ளைகளும் சேர்த்து, பள்ளிப் படிப்பையும் கூத்தையும் ஒன்றாகக் கற்றார்கள். கூத்து ஆடினால் படிப்பு கெடும் என்ற பேச்சுக்கு நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. கூத்தில் ஒரு பிள்ளை அரசனாகும், மறுநாள் கட்டியங்காரனாகும். வகுப்பில் ஒரே வேடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு இது பெரிய காரியம்.

பறையைப் பற்றி நமக்குள் ஒரு வாதம் ஓடுகிறது. சாதித் தொழிலாகத் திணித்ததை விட்டொழிப்பதே விடுதலை என்கிறவர்களும், நம் கருவியை நம் கையில் எடுப்போம் என்கிறவர்களும் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். மலையகத்தின் கதையை இரு தரப்பும் கேட்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். அங்கே விடியுமுன் தப்பு அடிக்கும். பிரட்டுக்கு வா, ஆள் கணக்குக் கொடு என்று அர்த்தம். அதே தப்பு மாசி மாதம் காமன் கூத்துக்கு அடித்தது. கங்காணிக்கு அடித்த கையே தனக்காகவும் அடித்துக்கொண்டது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேர் என்று தலையெண்ணி இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டு, 1983க்குப் பிறகு தமிழக முகாம்களுக்கும் வந்து சேர்ந்தவர்களில் அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் நிறைய. ஆக, முகாமில் ஏதிலி என்று பதிவான பிள்ளைகள் பலரின் பாட்டன் நம் காலனிக்காரன். அவர்களுக்கும் பறை தெரியும். வகுப்பில் பறை எடுப்பதானால் எங்கள் நிபந்தனை ஒன்றே: யார் அடிப்பது என்பதைச் சாதியோ மாநிலமோ தீர்மானிக்கக் கூடாது. எல்லாப் பிள்ளைகளும் அடிக்க வேண்டும், விருப்பமில்லாத பிள்ளை அடிக்காமல் இருக்கவும் வேண்டும், அது நம் பிள்ளையானாலும்.

வாசிக்க என்ன கொடுப்பது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். பெரிய வகுப்புகளுக்கு, 1990இல் அகதியாக வந்து முகாமில் வளர்ந்த தொ. பத்திநாதனின் போரின் மறுபக்கம் (2007) வேண்டும். முகாமைப் பரிதாபமாகவும் காட்டாமல் வீரமாகவும் காட்டாமல் வரிசை, பதிவு, கூலி வேலை என்று சொல்லிப் போகும் நூல். கூடவே சீனிவாசனின் பள்ளிப் பக்கங்களையும் அம்பேத்கரின் அந்தச் சிறு நூலையும் வாசித்தால், மூன்று பிள்ளைகள் ஒரே பலகையில் உட்கார்ந்திருப்பது தெரியும்.

தடைகளைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்பைப் பார்க்கும் பள்ளியில் இதெல்லாம் கூடுதல் சுமை. அதனால்தான் மாலையிலும் சனிக்கிழமையிலும் நம் தோழர்கள் போக வேண்டியிருக்கிறது. நம் தெருவிலேயே வடக்கன் என்ற சொல் புழங்குகிறது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது பயந்து ஊருக்குக் கிளம்பியவர்கள் உண்டு. பொய்யாக இருந்தும் நம்பும்படி இருந்ததே, அதை யோசிக்க வேண்டும். நம் நிலம் சிப்காட்டுக்குப் போனது, வேலை ஒப்பந்தக்காரர் கொண்டுவந்த ஆளுக்குப் போனது என்ற கோபத்தில் நியாயம் இருக்கிறது. பக்கத்துப் பலகைப் பிள்ளை மீது அதைக் காட்டுவதில் நியாயமில்லை. கூலியைக் குறைத்து வைத்தவர் அந்தப் பிள்ளையின் அப்பன் அல்ல.

இன்னொரு தடை காலண்டர். நம் பள்ளி ஜூனில் திறக்கும். சூளைப் பிள்ளை அறுவடைக்குப் பின், நவம்பர், டிசம்பரில் வரும். மழைக்கு முன், மே, ஜூனில் கிளம்பும். இங்கேயும் பாதி ஆண்டு, அங்கேயும் பாதி ஆண்டு. இரண்டு பதிவேட்டிலும் இடைநின்றவர். இதற்காக நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு சிறியது. தைத்த புத்தகத்துக்கு இரண்டு படி. ஒன்று, எந்த வகுப்பு வரை என்ன படித்தது என்ற தலைமையாசிரியரின் கடிதத்தோடு பிள்ளையின் பையில் போகும். அந்தக் கடிதத்தை ஊர்ப் பள்ளி ஆசிரியர் படிக்கும் மொழியிலும் எழுதித் தர, நம் கல்லூரி மாணவர்களில் ஒடியா, இந்தி, வங்காளம் தெரிந்தவர்கள் பெயர் கொடுக்க வேண்டும். மற்றொரு படி இங்கே பள்ளி நூலகத்தில் பெயரோடு இருக்கும். டிசம்பரில் அதே சூளைக்கு வேறொரு குடும்பம் வரும்போது, அதன் பிள்ளைக்கு முதல் நாள் கையில் கொடுப்பது அந்தப் புத்தகத்தைத்தான்.